உப்புக்காற்றில் மின்சார எஸ்யூவி: சுவர் மீட்டரிலிருந்து அரிச்சல்முனை வரை ஒரு கணக்கு

வண்டியின் திரை 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட் என்று காட்டும். வீட்டு மீட்டரில் ஓடியதைக் கணக்குப் பார்த்தால் 22, சில வீடுகளில் 24 கூட வரும். திரை பொய் சொல்லவில்லை. பேட்டரியிலிருந்து வெளியே போன மின்சாரத்தை மட்டும் அது எண்ணுகிறது. சுவரிலிருந்து பேட்டரிக்குள் போகும் வழியில் சூடாகித் தொலைந்தது அதன் கணக்கில் வராது, ஆனால் பில் அதற்கும் சேர்த்துத்தான் வருகிறது. அதனால் ஓட்டச் செலவைக் குறைக்கும் வேலை சாலையில் தொடங்குவதில்லை. சார்ஜருக்கு முன்னால் ஒரு தனி மீட்டர் மாட்டுவதில் தொடங்குகிறது. மின்பெட்டிக்குள் கருவிகளை மாட்டும் பட்டையில் (டிஐஎன் ரயில்) பொருந்தும் மும்முனை எனர்ஜி மீட்டர் ஒன்று போதும். மாதம் ஒரு முறை அதன் எண்ணையும் ஓடோமீட்டர் எண்ணையும் ஒரே நாளில் குறித்து வைத்தால், மற்ற எல்லாக் கேள்விக்கும் அதிலிருந்தே பதில் கிடைக்கும்.

இங்கே கணக்குக்கு எடுத்துக்கொண்ட வண்டி பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ்50 போன்றது: பயன்படும் பேட்டரி சுமார் 105 யூனிட், வெறும் எடையே இரண்டரை டன், காற்றெதிர்ப்புக் குணகம் 0.25, வீட்டில் 11 கிலோவாட் ஏசி சார்ஜிங். ஆடி நிறுவனத்தின் க்யூ8 55 இ-டிரானுக்கு 106 யூனிட், 0.27. இந்த அளவுள்ள எந்த வண்டிக்கும் கீழே உள்ள எண்கள் கொஞ்சம் முன்பின்னாகப் பொருந்தும். இடம் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, வடக்கே தேவிபட்டினம், தொண்டி வரையான ராமநாதபுரம் மாவட்டக் கடலோரம். மதுரையில் சரியாக வேலை செய்யும் பொருத்துமுறை இங்கே இரண்டு வருடத்தில் செம்பில் பச்சைக் களிம்பு பூத்து நிற்கும்.

எர்த்: முதலில் இது, பிறகுதான் சார்ஜர்

சார்ஜரை மாட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்து, வண்டி சார்ஜ் எடுக்க மறுத்தால், இந்தக் கரையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்த்தை. சார்ஜர் உள்ளே எர்த்தின் தரத்தைச் சோதிக்கிறது. சரியில்லை என்றால் கதவைத் திறக்காது. அதை ஏமாற்ற நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடிச்சுப் போடும் வழக்கம் சில எலக்ட்ரீசியன்களிடம் உண்டு. அதைச் செய்யவே கூடாது. தெருக்கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் இரண்டரை டன் வண்டியின் உடம்பு முழுக்கக் கரண்ட் ஏறி நிற்கும்.

மணல் ஏன் தொல்லை தருகிறது என்பதை ஒரு கணக்கு தெளிவாகச் சொல்லும். 3 மீட்டர் நீளம், 17 மில்லிமீட்டர் தடிமன் உள்ள எர்த் கம்பியை நேராக இறக்கினால், அதன் எதிர்ப்பு ஏறத்தாழ மண்ணின் மின்தடைத்திறனில் மூன்றில் ஒரு பங்கு. காய்ந்த தேரிமணலுக்கு அந்தத் திறன் 1,000 ஓம்-மீட்டர் என்று வைத்தால் எர்த் 330 ஓம். அதே கம்பி உவர்நீர் ஊறிய மணலில், 10 ஓம்-மீட்டரில், நின்றால் 3.3 ஓம். கம்பி அதேதான், ஆழமும் அதேதான். நூறு மடங்கு வித்தியாசம் ஈரத்தால் வருவது. ஆகவே கடலோரத்தில் எர்த் போடுவது என்றால் ஊற்று மட்டத்தைத் தொடும்வரை இறக்குவது என்று பொருள். தீவுப் பகுதியில் ஊற்று மேலேயே இருப்பதால் இது எளிது. உச்சிப்புளி பக்கம் உயர்ந்த மணல்மேட்டில் வீடு இருந்தால் இரண்டு கம்பிகளைத் திருகி இணைத்து 6 மீட்டர் வரை இறக்க வேண்டி வரும். சித்திரை, வைகாசியில் ஊற்று இறங்கும்போதும் கம்பியின் கீழ்ப்பாதி ஈரத்தில் நிற்கும்படி ஆழத்தைத் தீர்மானிக்க வேண்டும். ஐப்பசி மழையில் அளந்து 4 ஓம் வந்தது என்று திருப்திப்பட்டால் கோடையில் சார்ஜர் மறுபடி மறுக்கும்.

உவர்நீர் எதிர்ப்பைக் குறைக்கும், ஆனால் இரும்பைத் தின்னும். உப்பும் கரியும் கொட்டி ஜிஐ குழாய் இறக்கும் பழைய முறை உள்நாட்டுக்குச் சரி. இங்கே மண்ணிலேயே உப்பு இருக்கிறது. துத்தநாகப் பூச்சு சீக்கிரம் போய்விடும், அப்புறம் குழாய் தாள் தாளாக உரியும். 250 மைக்ரான் செம்புப் பூச்சு உள்ள கம்பி இரண்டு, ஒன்றுக்கொன்று குறைந்தது 3 மீட்டர் இடைவெளியில், செம்புப் பட்டையால் இணைத்துப் போடுவது நல்லது. இணைப்பைப் போல்ட் வைத்து முறுக்காமல் எக்ஸோதெர்மிக் வெல்டிங் (ரசாயனத் தூளை எரித்து அந்தச் சூட்டில் உருக்கி ஒட்டுவது) செய்தால் அந்த இடம் பச்சை பிடிக்காது. முடிந்ததும் எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் பார்ப்பது இரண்டாவது சோதனை: இரவு 8 மணிக்கு, ஊரே ஏசி போட்டிருக்கும் நேரத்தில், வண்டி சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது 2, 3 வோல்டுக்குள் இருந்தால் நல்லது. 10 வோல்டைத் தாண்டினால் கோளாறு எர்த்தில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கலாம். மின்வாரிய லைன்மேனிடம் கம்பத்து ஜம்பரை, அதாவது இணைப்புக் கம்பியை, பார்க்கச் சொல்ல வேண்டும்.

கேபிள், பெட்டி, துப்பாக்கி

11 கிலோவாட் மும்முனை என்றால் ஒரு ஃபேஸுக்கு 16 ஆம்பியர். அந்த 16 நாலைந்து மணி நேரம் இடைவிடாமல் ஓடும். மிக்ஸி, மோட்டார் போல வந்து போகும் சுமை அல்ல. மீட்டர் பலகையிலிருந்து கார் நிறுத்தும் இடம் 30 மீட்டர் என்றால், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் மூன்று ஃபேஸும் சேர்த்து 170 வாட் சூடாகப் போகும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் 71 வாட். யூனிட் கணக்கில் இது சிறியதுதான். ஆனால் பைப்புக்குள் அடைபட்ட ஒயர், மேலே வெயில் காயும் சுவர், 35 டிகிரி காற்று என்று சேரும்போது மெல்லிய ஒயரின் இன்சுலேஷன் விறைத்து வெடிக்கும். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு என்பதில் சமரசம் வேண்டாம். அலுமினியம் இந்தக் காற்றுக்கு ஆகவே ஆகாது. செம்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அதுவே ஒரு சிறு பேட்டரியாகி அலுமினியத்தை அரித்துவிடும்.

ஒயர் முனையில் மாட்டும் லக்குகள் வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்கட்டும். கிரிம்ப் செய்த பிறகு பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாயை மேலே ஏற்றிச் சூடு காட்டினால் கழுத்துப் பக்கம் ஈரம் ஏறாது. பெட்டி தகரப் பெட்டியாக வேண்டாம். தூசும் தண்ணீரும் புகாத ஐபி65 பாலிகார்பனேட் பெட்டி, எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 316 திருகு. எஸ்எஸ் 304 உள்ளூரில் எளிதாகக் கிடைக்கும், ஆனால் கடலைப் பார்த்த சுவரில் அதுவும் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். கேபிள் நுழையும் கிளாண்ட் பெட்டியின் அடியில் இருக்க வேண்டும். நுழைவதற்கு முன் கேபிள் கீழே தொங்கி ஒரு வளைவு போட்டு மேலேறினால் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போகும். சுவரின் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். வாடை வீசும் மாதங்களில் மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். கச்சான் என்ற மேல்காற்று வீசும் மாதங்களில் மணல் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் பறக்கும். கடலுக்கு முதுகு காட்டிய சுவர் கிடைத்தால் அதுவே சரியான இடம்.

பாதுகாப்புக் கருவிகளில் தவறுவது ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். வீட்டில் இருக்கும் ஏசி வகை ஆர்சிசிபியையே சார்ஜருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். வண்டியின் சார்ஜர் டிசி கசிவை உண்டாக்கக்கூடும். அந்த டிசி ஆர்சிசிபியின் இரும்பு உட்கருவைத் திகட்டடித்துக் குருடாக்கிவிடும். பிறகு உண்மையான கசிவு வந்தாலும் அது விழாது. சார்ஜருக்குள் 6 மில்லி ஆம்பியர் டிசி கண்டறியும் வசதி இருந்தால் 30 மில்லி ஆம்பியர் ஏ வகை போதும். இல்லையென்றால் பி வகை வாங்க வேண்டும். விலை பல மடங்கு, ஆனாலும் வேறு வழியில்லை. கூடவே ஒரு டைப் 2 எஸ்பிடி (மின்னதிர்ச்சித் தடுப்பான்). ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் மேல்நிலைக் கம்பி வழியே வரும் அதிர்ச்சியை அது எர்த்துக்குத் தள்ளும். எர்த் 330 ஓமில் இருந்தால் தள்ளுவதற்கு இடமில்லை. அதனால்தான் எர்த்தை முதலில் சொன்னது.

வண்டியில் செருகும் கைப்பிடியான சார்ஜிங் துப்பாக்கியின் முள்ளில் பச்சை படிவதை யாரும் கவனிப்பதில்லை. தொடுபுள்ளியின் எதிர்ப்பு 5 மில்லி ஓமாக இருக்கும்போது 16 ஆம்பியரில் உண்டாகும் சூடு 1.3 வாட், கையில் தெரியாது. உப்பும் பச்சையும் சேர்ந்து 50 மில்லி ஓம் ஆனால் 12.8 வாட். ஒரு விரல்நுனி அளவு இடத்தில் அவ்வளவு சூடு நாலு மணி நேரம் நின்றால் பிளாஸ்டிக் இளகும். அதற்கு முன்பே வெப்ப உணரி கரண்டைக் குறைத்துவிடும். வழக்கமாக 4 மணி நேரத்தில் முடிகிற சார்ஜ் 7 மணி நேரம் ஆகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். மாதம் ஒரு முறை, மெயினை அணைத்துவிட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் முட்களைத் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய், ஸ்பிரே எண்ணெய் எதுவும் வேண்டாம், மணல் ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் துப்பாக்கியை முகம் கீழே பார்க்கத் தொங்கவிட வேண்டும்.

கார் கொட்டகையைப் பற்றி ஒரு வார்த்தை. கிடுகு வேய்ந்த கொட்டகைக்குத் தகரக் கொட்டகை ஈடாகாது; மதியம் கீழே நிற்கும் வண்டியின் உள்சூடே வேறு. ஆனால் சார்ஜர் பெட்டியைக் கிடுகுக்குக் கீழே, மூங்கில் காலில் மாட்டக்கூடாது. கல் சுவரில் மாட்டி, மேலே ஒரு மீட்டருக்கு எரியாத பலகை அடித்துவிட்டு, வண்டியை மட்டும் கிடுகு நிழலில் நிறுத்தலாம்.

மெதுவாக ஏற்றினால் பில் ஏறும்

மெல்ல ஏற்றினால் மின்சாரம் மிச்சம் என்று பலர் நம்புகிறார்கள். நேர்மாறு. சார்ஜ் ஏறும்போது வண்டியின் கணினிகள், தண்ணீர் பம்ப், 12 வோல்ட் மாற்றி எல்லாம் விழித்திருக்கும். இதற்கே தோராயமாக 300 வாட். எவ்வளவு வேகமாக ஏற்றினாலும் இந்த 300 மாறாது. 15 ஆம்பியர் பிளக்கில் 10 ஆம்பியர் எடுத்தால் உள்ளே வருவது 2.3 கிலோவாட், அதில் 300 வாட் என்பது 13 சதவீதம். 11 கிலோவாட்டில் அதே 300 மூன்று சதவீதம்கூட இல்லை. ஏசியை டிசியாக மாற்றும் இழப்பு 6 சதவீதம் என்று சேர்த்தால், பிளக்கில் ஏற்றுவதில் 81, 82 சதவீதம் மட்டும் பேட்டரிக்குப் போகும். 11 கிலோவாட்டில் 91. இரண்டு மாதத்தில் 2,000 கிலோமீட்டர், 100-க்கு 22 யூனிட் என்றால் பேட்டரிக்குத் தேவை 440. முதல் வழியில் மீட்டர் 537 ஓடும், இரண்டாவதில் 484. அந்த 53 யூனிட் எந்த விலைப்படியில் விழுகிறது என்பதுதான் அடுத்த விஷயம்.

கடைக்கோடி டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் வீடுகளில் மாலை வோல்டேஜ் 190, 200 என்று இறங்கும். 200 வோல்டில் 16 ஆம்பியர் என்றால் 9.6 கிலோவாட்தான் ஏறும். இரவு 11 மணிக்கு மேல் டைமர் வைத்தால் வோல்டேஜும் சீராக இருக்கும், காற்றும் குளிர்ந்திருக்கும்.

பில்: சராசரி எடுக்காதீர்கள்

தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, படிப்படியாக. முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் 400 வரை யூனிட் நாலேமுக்கால் ரூபாயை ஒட்டி, 500 வரை ஆறரையை ஒட்டி, 600 வரை எட்டரை, 800 வரை ஒன்பதரை, 1,000 வரை பத்தரை, அதற்கு மேல் பதினொன்றரை. பைசா கணக்கை உங்கள் பில்லில் பார்த்துக்கொள்ளலாம். மொத்தம் 500-ஐத் தாண்டாதவர்களுக்கு 101 முதல் 200 வரையுள்ள படி பாதி விலைதான். கார் வந்து 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகையும் போய்விடும்.

வண்டிக்கான யூனிட் எப்போதும் வீட்டு யூனிட்டின் மேல்தான் உட்காரும். ஏற்கெனவே 700 யூனிட் ஓடும் வீட்டில் காருக்கு 485 சேர்ந்தால், அதில் 100 யூனிட் ஒன்பதரையில், 200 பத்தரையில், மீதி 185 பதினொன்றரையில். ஆக சுமார் 5,180 ரூபாய். 2,000 கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் 2 ரூபாய் 60 காசு. மொத்தப் பில்லை மொத்த யூனிட்டால் வகுத்துச் சராசரி எடுத்தவருக்கு யூனிட் ஏழரை ரூபாய்ச் சொச்சம் என்று வந்து, கிலோமீட்டர் 1 ரூபாய் 85 காசு என்று தவறாகத் தெரியும். மேலே சொன்ன 53 யூனிட் இழப்பும் உச்சப்படியில்தான் விழும்: 600 ரூபாய்.

கூரையில் சூரியத்தகடு போடுவது இங்கே பலன் தருவதும் இதனால்தான். தகடு மிச்சப்படுத்துவது உச்சப்படி யூனிட்டை. 648 மெகாவாட் நிலையத்தைக் கமுதியில் அமைத்த அளவுக்கு வெயில் உள்ள மாவட்டம் இது. 1 கிலோவாட் தகடு நாளுக்கு 4 யூனிட் தரும் என்று கணக்கு வைக்கலாம். 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு 720. பிரதமர் சூரிய வீட்டுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஹாட் டிப் கால்வனைஸ் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது) செய்ததா என்று பார்த்து வாங்குங்கள். பெயின்ட் அடித்த இரும்பு நிற்காது. தகட்டின் மேல் படியும் உப்புப் படலம் மழையில்லாத மாதங்களில் தானாகப் போகாது, நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

வெளியே டிசி ஃபாஸ்ட் சார்ஜிங் யூனிட் 20 ரூபாய் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 23.60, கிலோமீட்டர் ஐந்தரை ரூபாயை ஒட்டி வரும். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் டீசல் எஸ்யூவி, லிட்டர் 93 ரூபாய் விலையில், 9 ரூபாய் 30 காசு.

காற்று எங்கிருந்து வீசுகிறது

நான்கு பேர் ஏறி 2.7 டன் ஆன வண்டியை வைத்துக் கணக்கிட்டால், டயர் உருள்வதற்கு மட்டும் 100 கிலோமீட்டருக்கு 7.4 யூனிட் வேண்டும். வேகம் எதுவானாலும் இது கிட்டத்தட்ட மாறாது. காற்றைக் கிழிப்பதற்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 5.5, 100-ல் 8.6, 120-ல் 12.4. மோட்டார், கியர் இழப்பையும் ஏசியையும் சேர்த்தால் மொத்தம் 17, 20, 24 யூனிட். இதுவரை எல்லா ஊருக்கும் பொது.

இந்தக் கரையில் கூடுதலாகச் சேர்வது கடற்காற்று. ஆடி மாதக் கச்சான் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே அடித்தால், 80-ல் போகும் வண்டிக்குக் காற்று 110-ல் வருகிறது. எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏறுவதால் 5.5 என்பது 10.4 ஆகும். மொத்தம் 17 இருந்தது 23 ஆகிறது. அதே காற்று முதுகுக்குப் பின்னால் தள்ளினால் 13.5. போக வரச் சரியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும், ஆகாது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 18.2 வருகிறது. கெடுத்த அளவுக்குக் காற்று திருப்பிக் கொடுப்பதில்லை.

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் சாலை பொதுவாகக் கிழக்கே செல்கிறது. ஆகவே கச்சான், சோழக (தென்காற்று) காலத்தில் ராமேஸ்வரம் போகும்போது திரை அழகான எண்ணைக் காட்டும். அதை நம்பித் திரும்பும் பயணத்தைத் திட்டமிட்டால் உச்சிப்புளி தாண்டும்போது மீதி கிலோமீட்டர் எண் கண்ணெதிரே உருகும். வாடைக் காலத்தில் தலைகீழ்: போகும்போது கூடுதல், வரும்போது குறைவு. எதிர்காற்றில் 100-ல் ஓட்டினால் 27 யூனிட், அதையே 80-க்குக் குறைத்தால் 23. எதிர்காற்றில் வேகத்தைக் குறைப்பதால் கிடைக்கும் லாபம் மற்ற நேரத்தைவிட அதிகம். வண்டிக் கூரையில் சாமான் பெட்டி மாட்டியிருந்தால் இந்த எண்கள் எல்லாமே இன்னும் மோசமாகும். தேவை முடிந்த அன்றே கழற்றிவிட வேண்டும், வெறும் குறுக்குச் சட்டத்தையும் சேர்த்து.

பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறும்போது சார்ஜ் இறங்குவதைப் பார்த்து ஏற்றத்தைக் குறை சொல்வார்கள். 2.7 டன் வண்டியை 10 மீட்டர் தூக்க ஆகும் செலவு 0.07 யூனிட், இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் திரும்பிவிடும். பாலத்தில் சார்ஜைத் தின்பது பக்கவாட்டுக் காற்று. சாய்ந்து வரும் காற்றுக்கு வண்டியின் உருவம் 0.25 என்ற அளவில் நிற்பதில்லை, கூடிவிடும். தனுஷ்கோடிச் சாலையிலும், முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும், இதே நிலைமை. அங்கே ரோட்டின் மேல் படியும் மணலும் சேரும். மணல் மூடிய இடத்தில் உருளும் எதிர்ப்பு சட்டென்று ஏறும். ஓரத்து மணலில் இறக்கி நிறுத்தினால் அகலமான டயரும் புதையும், இழுத்து வெளியே எடுக்க வண்டியின் கொக்கி வளையத்தை எங்கே திருக வேண்டும் என்று முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

ஏசிக்கு வெயிலைவிட ஈரம் பாரம்

வெளியே 33 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்ற சாதாரணக் கடலோர மாலையில் ஒரு கிலோ காற்றில் 24 கிராம் நீராவி இருக்கிறது. வண்டிக்குள் வேண்டியது 24 டிகிரி, 9 கிராம். காற்றைக் குளிர்விப்பதற்கு ஆகும் வேலையைப் போல நான்கு மடங்கு, அந்த 15 கிராம் நீரைப் பிழிந்து எடுப்பதற்கு ஆகிறது. மணிக்கு 150 கன மீட்டர் வெளிக்காற்றை உள்ளே விட்டால் கம்ப்ரசருக்கு அதனால் மட்டும் 0.85 கிலோவாட் சுமை. உள்சுழற்சியில் வைத்தால் இதில் பெரும்பகுதி மிச்சம். அரை மணிக்கு ஒரு முறை இரண்டு நிமிடம் வெளிக்காற்றை விட்டால் மூச்சுக்குப் போதும். வண்டி தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ முறை கண்ணாடியில் பனி படியக்கூடாது என்பதற்காக அடிக்கடி வெளிக்காற்றைத் திறக்கும். இந்த ஊருக்கு அதைக் கையால் மூடி வைப்பது நல்லது. கோயில் வாசலிலும் கடற்கரையிலும் ஆட்கள் இறங்கி ஏறும்வரை கதவைத் திறந்தபடி ஏசி ஓடுவதுதான் பெரிய இழப்பு. புறப்படும் முன் 10 நிமிடம் சார்ஜரில் மாட்டிய நிலையிலேயே உள்ளே குளிர்வித்துக்கொண்டால் அந்தச் சுமை பேட்டரியில் ஏறாது.

முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால் உள்ள கண்டன்சர் துடுப்புகளில் மணலும் உப்பும் சேர்ந்து களிம்பாகப் படியும். காற்றோட்டம் குறைந்தால் கம்ப்ரசர் கூடுதல் அழுத்தத்தில் ஓடும், மின்விசிறியின் சத்தம் உயரும். நல்ல தண்ணீரைக் குறைந்த அழுத்தத்தில் தெளித்தாலே கழன்றுவிடும். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகப் பிடித்தால் துடுப்பு மடங்கும்.

டயர், மின்சாரத்தைவிடப் பெரிய செலவு

நான்கு டயர் செட் 1.6 லட்சம், 35,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 57 காசு. மின்சாரம் 2.60. ஆகவே வண்டியின் பராமரிப்பில் கண் முதலில் போக வேண்டிய இடம் டயர். எடையும் உடனடி இழுவிசையும் சேர்ந்து பின்டயரைச் சீக்கிரம் தேய்க்கும். 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, நான்கு டயரும் ஒரே அளவாக இருந்தால், முன்பின் மாற்ற வேண்டும். கதவுத் தூணில் ஒட்டியுள்ள அழுத்தத்தை விடியற்காலையில், வண்டி நகரும் முன் வைக்க வேண்டும். மதியம் சூடான டயரில் 4, 5 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும்; அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைவாக நிற்கும்.

இந்த மாவட்டத்தில் சீமைக்கருவேல முள் ஒரு தனிக் கணக்கு. இந்த வகை வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது. சத்தம் குறைக்க டயரின் உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தால், பஞ்சர் போடுபவர் அந்த இடத்து ஸ்பாஞ்சை வெட்டி எடுத்துவிட்டு உள்ளிருந்து மஷ்ரூம் ஒட்டு வைக்க வேண்டும். வெளியிலிருந்து திணிக்கும் கயிறு ஒட்டு ஊர் வந்து சேரும்வரை மட்டும். டயரில் நிற்கும் முள்ளைப் பார்த்தவுடன் பிடுங்காதீர்கள். அதுவே அடைப்பாக நிற்கிறது, கடைக்குப் போய்ப் பிடுங்கலாம்.

பிரேக், கழுவுதல்

மோட்டாரே வேகத்தைப் பிடித்துக்கொள்வதால் பிரேக் பேட் டிஸ்கைத் தொடுவதே அபூர்வம். உள்நாட்டில் இது லாபம். கடலோரத்தில் டிஸ்க் துரு ஏறி, பேட் அதைத் தாங்கும் ஊசியில் ஒட்டிக்கொண்டு, லேசாக உரசியபடியே ஓடும். அந்த உரசல் யூனிட்டையும் தின்னும். வாரம் ஒரு முறை, பின்னால் வண்டி எதுவும் வராத நேரான சாலையில், 60 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலில் போட்டு ஐந்தாறு முறை மிதமாகப் பிரேக் பிடித்தால் டிஸ்க் வெள்ளையாகிவிடும். டி-யில் வைத்து மிதித்தால் வண்டி முதலில் மோட்டாரைத்தான் பயன்படுத்தும், டிஸ்குக்குப் பலனில்லை. நெடுந்தூரம் ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால், உரசும் சக்கரம் தனியாகச் சுடும்.

தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனை வரை போய் வந்தால் அடிப்பாகத்தை அடுத்த நாளே கழுவ வேண்டும். எந்தத் தண்ணீரில் என்பது முக்கியம். தீவிலும் கரையோரத்திலும் பல போர் தண்ணீர் உவர். அதில் கழுவினால் உப்பை எடுத்து உப்பைப் பூசுவதுதான். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 500-க்குக் கீழே காட்டும் தண்ணீர், பெரும்பாலும் காவிரிக் குடிநீர், 40 லிட்டர் போதும்: செடிக்குத் தெளிக்கும் பூவாளி நாசில் உள்ள குழாயால் சக்கர வளைவு, பேட்டரித் தகட்டின் ஓரங்கள், சஸ்பென்ஷன் இணைப்புகள், கடைசியாகச் சார்ஜிங் மூடியின் வெளிப்புறம். உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள் இணைப்புகளில் அழுத்தத் தண்ணீர் படக்கூடாது.

மதுரையிலிருந்து அரிச்சல்முனை வரை போய்த் திரும்ப

ஏறத்தாழ 195 கிலோமீட்டர், போக வர 390. ஆடி மாதக் கச்சானில், மதுரை முதல் ராமநாதபுரம் வரையான 115 கிலோமீட்டரை 100-ல் ஓட்டினால் 23 யூனிட். அங்கிருந்து கடலோர 80 கிலோமீட்டர், காற்று முதுகில், 80 வேகத்தில், 11. திரும்பும்போது அதே 80 கிலோமீட்டருக்கு 18, உள்நாட்டுப் பகுதிக்கு மறுபடி 23. ராமேஸ்வரம் நெரிசலுக்கும் நிறுத்திய இடத்தில் ஓடிய ஏசிக்கும் 4 சேர்த்தால் 79 யூனிட். 105 யூனிட் பேட்டரியை 90 சதவீதம் ஏற்றிப் புறப்பட்டால் 94. வீடு திரும்பும்போது 15 யூனிட் கையில் இருக்கும். வழியில் டிசி சார்ஜர் தேட வேண்டியதில்லை, கிலோமீட்டர் 5 ரூபாய் கொடுக்க வேண்டியதும் இல்லை. அன்றாடம் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு, இந்த மாதிரிப் பயணத்துக்கு முந்தின இரவு மட்டும் 90-க்கு ஏற்றினால் பேட்டரிக்கும் நல்லது. நிறைய ஏற்றி வெயிலில் நிறுத்தி வைப்பதுதான் அதன் ஆயுளைக் குறைக்கும்.

பயன்படும் பேட்டரி 71 யூனிட்டே உள்ள சிறிய மாடல் என்றால் வழியில் 20 முதல் 25 யூனிட் ஏற்றியாக வேண்டும். ராமேஸ்வரத்தில் இரவு தங்கும் இடத்தில் 16 ஆம்பியர் பிளக்கும் ஒழுங்கான எர்த்தும் இருக்கிறதா என்று அறை எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். 10 ஆம்பியரில் 11 மணி நேரம் மாட்டினால் பேட்டரிக்குள் 20 யூனிட் சேரும். முதல் அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் 6 ஆம்பியருக்குக் குறைத்து, மாலை அறைக்கு வந்தவுடனே மாட்டிவிட வேண்டும்.